கடையக்காவின் தட்டு

மாட்டின் மண்டையைப் பிளந்து மூளையை முழுசாக எடுப்பது லேசுப்பட்ட காரியமல்ல. கத்தியை ஓங்கிப் போட்டால் உள்ளே இருப்பது கூழாகிவிடும். பயந்து பயந்து போட்டால் எலும்புத் தூள்தான் மிஞ்சும். சந்தைத் தெருக் கோடியில் கறிக்கடை வைத்திருந்தவருக்கு அது தண்ணீர் பட்ட பாடு. இரண்டு தட்டு, ஒரு திருப்பு, அவ்வளவுதான். ஒரு கீறல்கூட இல்லாமல் மூளை தட்டில் வந்து உட்காரும். அதனால் ஊர் அவருக்கு வைத்த பெயர் மூளைக்காரர். காலேஜ் பையன்கள் கடைப் பக்கம் வந்தால் சும்மா போக மாட்டார்கள். "மூளைக்காரரே, பரீட்சை வருது, ஒரு கால் கிலோ குடுங்களேன்" என்பார்கள். "குடுக்கலாம் தம்பி, உள்ள வைக்க இடம் இருக்கான்னு வீட்டுல கேட்டுட்டு வா" என்பார் அவர்.

அவர் மனைவியை எல்லோரும் கடையக்கா என்பார்கள். தராசும் அவள் கையில், கட்டிக் கொடுப்பதும் அவள் கையில். யாருக்குக் கொழுப்பு ஆகாது, யாருக்கு எலும்போடு வேண்டும், எந்த வீட்டு மாமியாருக்குப் பல் இல்லை, எல்லாம் அவளுக்கு மனப்பாடம். வரிசையில் நிற்பவர் வாயைத் திறக்கும் முன்பே பொட்டலம் தயாராகிவிடும். "மூளையை எடுக்கிறவர் அவர், வச்சிருக்கிறது அக்கா" என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. மூளைக்காரர் அதைக் கேட்டு ஒரு நாளும் கோபப்பட்டதில்லை, ஏனென்றால் அது உண்மை.

மனிதருக்கு வாயால் அன்பாகப் பேச வராது. கல்யாணமான புதிதில் ஒருமுறை முயற்சி செய்து பார்த்து, அவள் சிரித்த சிரிப்பில் அதோடு விட்டுவிட்டார். அதற்குப் பதிலாக வாரா வாரம் ஒரு நல்ல மூளையை விற்காமல் எடுத்து வைப்பார். மகள் பிறந்தபோது கடையக்கா எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் கிடந்தாள். மூளை சாப்பிட்டால் உடம்பு தேறும் என்று யாரோ சொன்னார்கள். அன்றைக்கு ஆரம்பித்தது, மகள் பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்கும் நிற்கவில்லை. அவர் மட்டும் அதைத் தொட மாட்டார். காலையிலிருந்து அதையே கையில் பிடித்துக்கொண்டிருப்பவனுக்கு வாயில் வைக்க முடியுமா? மிளகுத் தூள் போட்டு வதக்கி அவள் தட்டின் ஓரத்தில் வைத்து, "இந்தா" என்பார். அந்த வீட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

மற்றபடி சாப்பாட்டில் அவள் ரொம்பவும் பிகு பண்ணுகிறவள். மீன் வாடை அடித்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போய்விடுவாள். முட்டை சின்ன வயதிலிருந்தே ஆகாது. கறியும் மூளையும் பால் விட்ட டீயும்தான் அவள் உடம்புக்கு ஆதாரம்.

இப்படி இருக்கும்போதுதான் எங்கோ தூரதேசத்து மாடுகளுக்குப் பைத்தியம் பிடித்த செய்தி வந்தது. டிவியில் ஒரு பசுவைக் காட்டினார்கள். பின்னங்கால் வழுக்கி, எழுந்து, இரண்டடி வைத்து, மறுபடி விழுந்தது. அந்தப் படத்தையே திரும்பத் திரும்பப் போட்டார்கள். அந்த மாதிரி மாட்டைச் சாப்பிட்ட மனிதர்களில் சிலருக்கும் நடை தள்ளாடி, நினைவு தப்பி, கடைசியில் உயிரே போய்விட்டது என்றார்கள். மறுநாள் காலையில் ஊரில் எத்தனை பேர் இருந்தார்களோ அத்தனை விஞ்ஞானிகள். முடிவெட்டும் கடையில் ஒரு கட்சி, டீக்கடையில் ஒரு கட்சி. வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று ஆளாளுக்குப் பேசினார்கள். மீன் கடைக்காரர் மட்டும் ஒன்றும் பேசாமல் விலையை ஏற்றினார்.

கடைசியில் நூலக மண்டபத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். ஒரு பக்கம் காலேஜ் பேராசிரியர், இன்னொரு பக்கம் மாட்டு டாக்டர். மூளைக்காரரும் கடையக்காவும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஊரே திரும்பித் திரும்பி அவர்களைப் பார்த்தது.

"இது கிருமி இல்ல, வைரஸும் இல்ல" என்றார் பேராசிரியர். "பிரியான்னு சொல்றோம். நம்ம உடம்புல இருக்கிற ஒரு புரதம் தப்பா மடிஞ்சு போகுது. அது பக்கத்துல இருக்கிறதையும் தப்பா மடிக்குது. அதுக்கு உயிர் இல்ல, அதனால வேகவச்சாலும் சாகாது. மூளை ஓட்டை ஓட்டையா ஆகிடும். மருந்து கிடையாது."

மாட்டு டாக்டர் எழுந்தார். கறிக்கடை, பால் பண்ணை, அறுப்புக்கூடம் என்று ஊரெல்லாம் சுற்றுகிற மனிதர். மூளைக்காரருக்குப் பழைய சிநேகிதர். "அவர் சொல்றது சரிதான். ஆனா அந்த ஊர்ல மாட்டுக்கு மாட்டெலும்பையே அரைச்சுத் தீனியாப் போட்டாங்க, அதனால பரவிச்சு. நம்ம மாடு புல்லு திங்குது. இங்க ஒரு மாட்டுக்குக்கூட வரல. அப்படியே இருந்தாலும் அது இருக்கிற இடம் மூளையும் தண்டுவடமும். அதை ஒதுக்கிட்டு மத்த கறியைச் சாப்பிடுங்க. ஒரு நாட்டுல மழை பெய்யுதுன்னு இங்க குடை பிடிக்கணுமா?"

"வரலைன்னு சொல்லாதீங்க, இன்னும் தெரியலைன்னு சொல்லுங்க" என்றார் பேராசிரியர். கைதட்டல். "தெரியாததுக்கெல்லாம் பயந்தா தண்ணிகூட குடிக்க முடியாது" என்றார் மாட்டு டாக்டர். அதற்கும் அதே ஆட்கள் கைதட்டினார்கள்.

அப்போது மருந்துக் கடை அம்மாள் எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். "இனிமே ஒதுக்கிடலாம், சரி. இத்தனை வருஷமா மூளை சாப்பிட்டவங்க?"

பேராசிரியர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். கொஞ்சம் யோசித்துத்தான் பேசினார். "ரொம்ப ரொம்பப் பேருக்கு ஒண்ணும் வராது. ஆனா இது உள்ள இருந்தா வெளிய தெரிய பத்து வருஷமும் ஆகலாம், அதுக்கு மேலயும் ஆகலாம். உறுதியாச் சொல்லணும்னா காத்திருக்கத்தான் வேணும்."

முன்னால் சொன்ன 'ஒண்ணும் வராது' மூளைக்காரர் காதில் விழவில்லை. 'காத்திருக்கத்தான் வேணும்' மட்டும் விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியைத் திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாளிலிருந்து கடையில் மூளை கிடையாது. தண்டுவடத்தைத் தனியாக எடுத்து அறுப்புக்கூடத்துக்கே திருப்பி அனுப்பினார். அப்படியும் ஜனம் வரவில்லை. கொக்கியில் தொங்கிய கறி மாலை வரைக்கும் தொங்கியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சிலர் கடைக்கு எதிர்ப்பக்கமாக ஒதுங்கி நடந்தார்கள்.

மூளைக்காரர் ஒரு யோசனை செய்தார். பின்கட்டில் இருந்த சாப்பாட்டு மேஜையைத் தூக்கிக்கொண்டு வந்து கடை வாசலுக்கு நேராகப் போட்டார். மேலே ஒரு பலகை: 'நாங்கள் சாப்பிடுவதையே விற்கிறோம்.' மத்தியானம் ஆனால் புருஷனும் பெண்டாட்டியும் தெருவைப் பார்த்து உட்கார்ந்து கறியோடு சாப்பிடுவார்கள். முதலில் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு நின்று பார்த்தார்கள். "அவர் கடைக்காரர், அவர் சாப்பிடத்தான் செய்வார். கடையக்காவே சாப்பிடுது பாரு" என்று மருந்துக் கடை அம்மாள் சொன்னாள். அதுவே சர்ட்டிபிகேட் ஆயிற்று. கொஞ்சம் கொஞ்சமாக வரிசை திரும்பி வந்தது.

மேஜைக்கு அடியில் ஒரு சாம்பல் நிறப் பூனை வந்து குடியேறியது. வந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தது. ஒரு வருஷத்தில் கழுத்து எது வயிறு எது என்று தெரியாமல் உருண்டது. "திருட்டுக் கழுதை, எங்கயோ கறியில வாய் வைக்குது" என்று மூளைக்காரர் துடைப்பத்தோடு துரத்துவார். கொக்கியை உயர்த்தினார், கறிப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டார். பூனை மெலியவில்லை. அவருக்கும் அந்த வருஷங்களில் தொப்பை விழுந்தது. வயசு ஆகிறது என்று நினைத்துக்கொண்டார்.

மகளுக்குக் கல்யாணமாகி, பஸ்ஸில் போகிற தூரத்தில் இருந்தாள், அச்சகத்தில் வேலை. ஆறேழு வருஷம் ஓடிப்போயிற்று. டிவி வேறு பைத்தியங்களைக் காட்ட ஆரம்பித்தது. கூட்டத்தை ஊர் மறந்துவிட்டது. மூளைக்காரர் மறக்கவில்லை. பத்து வருஷம் என்றாரே, இன்னும் ஆகவில்லையே என்று மனதுக்குள் ஒரு மூலையில் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஒருநாள் கடையக்கா ஆள் மாற்றிப் பொட்டலம் கொடுத்தாள். நெஞ்சு ஆபரேஷன் செய்துகொண்ட தபால்காரருக்குக் கொழுப்புக் கறி போயிற்று. சிரித்து மழுப்பினாள். அடுத்த வாரம் மருந்துக் கடை அம்மாளை "யாருங்க?" என்று கேட்டுவிட்டு, ஒரு நொடி கழித்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு கால். "பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்குங்க" என்றாள். கை விரல் மரத்துப்போய், பொட்டலத்துக்கு நூல் சுற்ற வரவில்லை. கோபம் வராதவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது, உடனே அழுகையும் வந்தது.

காலையில் சமையல்கட்டை ஒட்டின தொட்டியடியில் நின்று முகம் கழுவுவது அவள் வழக்கம். ஒருநாள் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினாள். மூடினதும் அவள் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டீ எடுக்க வந்த மூளைக்காரர் அதைப் பார்த்துவிட்டார். டிவியில் விழுந்த பசு அவர் கண் முன்னால் எழுந்து, இரண்டடி வைத்து, மறுபடி விழுந்தது.

அன்றையிலிருந்து அவள் முகம் கழுவப் போனால் அவரும் சத்தமில்லாமல் பின்னாலேயே போய், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்பார். அவள் துண்டை எடுப்பதற்குள் ஓடிப்போய் அடுப்படியில் ஏதோ தேடுகிறவர் மாதிரி நிற்பார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா இல்லை. தான் ஒரு துண்டு தொடாமல், நல்ல பங்கு நல்ல பங்கு என்று இத்தனை வருஷமாக அவள் தட்டில் வைத்தது தன் கைதானே? இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் என்று ஒரு பயம்.

தெரு முனை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் நாடி பார்த்தார், கண்ணைப் பார்த்தார். "சாப்பாடெல்லாம் எப்படி?" என்று கேட்டார். கடையக்கா பதில் சொல்வதற்குள் மூளைக்காரர் முந்திக்கொண்டார். "என்ன டாக்டர், தெரியாத மாதிரி கேக்குறீங்க? கறிக்கடைக்காரன் வீடு. தினமும் கறிதான்." டாக்டரும் தினமும் அந்த வழியாகப் போகிறவர், மேஜையைப் பார்க்கிறவர். சிரித்துக்கொண்டே அந்தக் கேள்வியை அதோடு விட்டார். "அசதி, வயசு. ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று அனுப்பினார். கடையக்கா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ரெஸ்ட் எடுத்தும் தேறவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற நிலைமைக்கு வந்தாள். மகள் வந்து பார்த்துவிட்டுச் சத்தம் போட்டாள். "நரம்பு டாக்டர்கிட்ட காட்டணும்ப்பா. இன்னும் எதுக்குக் காத்திருக்கிறீங்க?" அந்த வார்த்தை அவரைச் சுட்டது.

போவதற்கு முன்னால் அவர் மாட்டு டாக்டரைத் தேடி அறுப்புக்கூடத்துக்குப் போனார். மாட்டு டாக்டர் ரப்பர் பூட்ஸைக் குழாயடியில் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஒரு சந்தேகம்யா. அந்த நோய் வந்த மாட்டுக்கு முதல்ல என்ன ஆகும்? கால்தானே போகும்?"

"எந்த மாடு? எங்க பார்த்த?" மாட்டு டாக்டர் குழாயை மூடினார்.

"சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்கிற மூஞ்சியா இது? யாருக்குய்யா?"

மூளைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாட்டு டாக்டருக்குப் புரிந்துவிட்டது. ஈரக் கையோடு அவர் தோளைப் பிடித்தார். "இதோ பாரு. கூட்டத்துல நான் சத்தம் போட்டுப் பேசினவன். இன்னிக்கும் என் நம்பிக்கை அதுதான், இங்க அது இல்ல. ஆனா நான் மாட்டு டாக்டர். மனுஷிக்கு மனுஷ டாக்டர்கிட்ட போ. போனா எதையும் மறைக்காத. மாடு வாயத் திறந்து சொல்லாது, அதனால நாங்க தடுமாறுறோம். உனக்கு வாய் இருக்குல்ல?"

நரம்பு டாக்டரிடம் மகளும் கூட வந்தாள். டாக்டர் ஒரு பெண். மெதுவாகப் பேசுகிறவள். கடையக்காவை நிற்கச் சொல்லி, காலைச் சேர்த்து வைக்கச் சொல்லி, கண்ணை மூடச் சொன்னாள். சாய்ந்தவளைத் தானே பிடித்து உட்கார வைத்தாள். சுத்தியலால் முட்டியில் தட்டினாள், ஊசி முனையால் பாதத்தைத் தொட்டாள். தலையை ஸ்கேன் எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள். ஸ்கேன் படத்தோடு அவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்ததும் மூளைக்காரர் எழுந்து நின்றார்.

"டாக்டரம்மா, நான் ஒண்ணு சொல்லணும். இவ கொஞ்சம் வெளிய போய் உட்காரட்டும்."

"அவங்க உடம்பைப் பத்திதானே? அவங்க இருக்கட்டும், சொல்லுங்க."

மூளைக்காரர் சொன்னார். மகள் பிறந்த நாளில் ஆரம்பித்து, வாரா வாரம் எடுத்து வைத்தது, மிளகு போட்டு வதக்கினது, தான் ஒரு நாளும் வாயில் வைக்காதது, டிவியில் விழுந்த பசு, பேராசிரியர் சொன்ன வார்த்தை, எல்லாவற்றையும் சொன்னார். "நான்தான் குடுத்தேன் டாக்டரம்மா. ஆசையா குடுத்தேன். என் கையாலயே இவளுக்கு அந்த நோயைக் குடுத்துட்டேன்." வாழ்நாளெல்லாம் எலும்பு வெட்டின மனிதர், மகள் எதிரில் குழந்தை மாதிரி அழுதார்.

கடையக்கா அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அடப்பாவி மனுஷா, இதையா இத்தனை நாளா மனசுல போட்டு மூடி வச்சிருந்தீங்க?" என்றாள். பிறகு டாக்டர் பக்கம் திரும்பினாள். "டாக்டரம்மா, நானும் ஒண்ணு சொல்லணும். இவர் கொஞ்சம் வெளிய போய் உட்காரட்டும்."

"யாரும் எங்கயும் போக வேண்டாம்" என்றாள் டாக்டர். சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது.

"அந்தக் கூட்டம் நடந்ததிலேர்ந்து நான் கறியே சாப்பிடல."

"அம்மா!" என்றாள் மகள். "தினமும் மேஜையில உட்கார்ந்து, ஊர் பார்க்க..."

"உட்கார்ந்தேன். தட்டுல இருந்துச்சு. வயித்துக்குப் போகல."

"பின்ன எங்க போச்சு?"

"ஆள் வந்தா இவர் கறி வெட்ட எழுந்து போவாரு இல்ல? பாதி இவர் தட்டுக்குப் போச்சு. மீதி பூனைக்கு."

டாக்டரும் மகளும் ஒரே நேரத்தில் மூளைக்காரரின் தொப்பையைப் பார்த்தார்கள். அவர் அழுகையை நிறுத்திவிட்டுத் தானும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தாள். அவள் முகம் மாறியிருந்தது. "பால்?"

"பாலும் மாட்டுக்குள்ளேர்ந்துதானே வருது? அதையும் விட்டேன். வெறும் டீதான்."

"முட்டை, மீன்?"

"அது ரெண்டும் எனக்கு எப்பவும் ஆகாது."

"நாக்கை நீட்டுங்க." டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தாள். நாக்கு வழவழவென்று சிவந்திருந்தது. டாக்டர் ஸ்கேன் படத்தை மறுபடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ரத்தப் பரிசோதனைக்கு எழுதினாள்.

மூளைக்காரருக்கு மட்டும் ஒன்று விளங்கவில்லை. "எங்கிட்ட ஏன் சொல்லல? நான் என்ன அடிச்சா போட்டிருப்பேன்?"

"சொன்னா நீங்க மேஜையை உள்ள தூக்கிட்டுப் போயிருப்பீங்க. கடை என்ன ஆகுறது?" கடையக்கா முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே பேசினாள். விரல் சொன்னபடி கேட்கவில்லை. "அதுவும் இல்லாம, நாள் பூரா அதுலயே கை வச்சு வேலை செய்யிறவரு நீங்க. வந்தா உங்களுக்குத்தான் முதல்ல வரும்னு நினைச்சேன். நீங்க கறியை விட மாட்டீங்க. ரெண்டு பேரும் படுத்துட்டா யாரை யாரு பார்க்கிறது? ஒருத்தராவது நல்லா இருக்கணும் இல்ல? அதான் நான் விட்டேன்."

இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஒரே கூரைக்குக் கீழே இருந்தவர்கள். ஒரே வார்த்தையைக் கேட்டுவிட்டு, அவர் இவளுக்காகப் பயந்து வாயை மூடிக்கொண்டார். இவள் அவருக்காகப் பயந்து வாயைக் கட்டிக்கொண்டாள். பேசியிருந்தால் ஒரு மத்தியானத்தில் முடிந்திருக்கும். என்ன சொல்வது இந்த ஜோடியை!

மறுநாள் ரத்த ரிசல்ட் வந்தது. டாக்டர் சொன்னாள்: "பி பன்னிரண்டுன்னு ஒரு சத்து. கறி, பால், முட்டை, மீன், இதுலதான் இருக்கும். அது உங்களுக்குக் கிட்டத்தட்ட இல்லவே இல்ல. அது இல்லன்னா நரம்பு இப்படித்தான் ஆகும். கால் பஞ்சு மாதிரி இருக்கும், ஞாபகம் தப்பும், கண்ணை மூடினா சாயும். இன்னும் தள்ளிப் போயிருந்தா கஷ்டம். கறிக்கடைக்காரர் வீட்டுல இதை யாரு தேடுவாங்க?"

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். ஊருக்கே கறி கட்டிக் கொடுத்தவளுக்குக் கறியில் இருக்கிற சத்து இல்லை.

"அப்போ அந்த நோய்?" மூளைக்காரர் மெல்லக் கேட்டார்.

டாக்டரும் பேராசிரியர் ஜாதிதான், பொய் சொல்லத் தெரியவில்லை. "ஸ்கேன்ல அதுக்கு அடையாளம் எதுவும் இல்ல. இந்த ரத்த டெஸ்ட் அதைச் சொல்லாது. ஆனா ஒண்ணு. அந்த நோய் வந்தா திரும்பிப் போகாது. இது போகும். ஊசி போடப் போட நடை தேறிச்சுன்னா, நீங்க நிம்மதியா இருக்கலாம்."

இன்னும் காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் இந்தத் தடவை காத்திருப்பதற்கு ஒரு ஊசியும் ஒரு முடிவும் இருந்தது. முதலில் தினமும், பிறகு வாரத்துக்கு ஒன்று.

கடையக்கா ஒரு காரியம் செய்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து கடை வாசலில் நின்று, வரிசையில் நின்றவர்களிடம் தானே சொன்னாள். "உங்க எல்லாரையும் ஏமாத்திட்டேன். ஆறேழு வருஷமா தட்டுல வச்சேன், தின்னது பூனை. அந்தப் பலகை என் விஷயத்துல பொய். அதுக்குத்தான் கடவுள் என் காலை முடக்கிப் போட்டாரு." ஒருவர் முணுமுணுத்துக்கொண்டு போனார். மற்றவர்கள் பூனையைப் பார்த்துச் சிரித்தார்கள். மருந்துக் கடை அம்மாள் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உன் தட்டைப் பார்த்துதான் நான் என் பிள்ளைங்களுக்குப் பயமில்லாம ஆக்கிப் போட்டேன். இனிமே உன் ஊசியை நானே வந்து போட்டு விடுறேன். ஆஸ்பத்திரிக்கு அலையாத" என்றாள். சொன்னபடி வந்தாள், ஒரு நாள் தவறவில்லை.

மூளைக்காரர் பலகையைக் கழற்றப் போனார். "இருக்கட்டும் விடுங்க" என்றாள் மனைவி. "இனிமே உண்மையாக்கிடலாம்." அன்று மத்தியானம் ஈரல் துண்டு ஒன்றை எடுத்து, தெருவே பார்க்க, மென்று விழுங்கினாள். மேஜைக்கு அடியில் பூனை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தது. அதற்கு அன்றைக்குத்தான் கெட்ட காலம் ஆரம்பித்தது. மூளைக்காரர் குனிந்து, "திருடன்னு திட்டிட்டேன், மன்னிச்சுக்கோ" என்று சொல்லித் தன் தட்டிலிருந்து ஒரு துண்டு போட்டார்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகுமா போகாதா என்று தெரியாத அந்த மாதங்களில் மனிதருக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. வழியில் பார்க்கிறவர்களுக்கெல்லாம் நன்றி சொன்னார். ரத்தம் எடுத்த பையனுக்குச் சொன்னார். ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸை நிறுத்தின கண்டக்டருக்குச் சொன்னார். "வாய் இருக்குல்ல" என்று கேட்ட மாட்டு டாக்டரைக் கட்டிப் பிடித்தார், அவர் ரப்பர் உடுப்போடு இருந்ததையும் பார்க்காமல். பேராசிரியர் வீட்டுக் கதவைத் தட்டி, "நீங்க உண்மையைத்தான் சொன்னீங்க, நாங்கதான் பாதியைக் கேட்டோம்" என்றார். பேராசிரியருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் உட்கார வைத்து டீ கொடுத்தார். நரம்பு டாக்டருக்கு எலும்பில்லாத நல்ல கறியாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனார்.

"நான் கறி சாப்பிடுறதில்லீங்களே" என்றாள் டாக்டர்.

மூளைக்காரர் பதறிப்போனார். "ஐயையோ, அப்போ உங்களுக்கும் கால் மரத்துப் போயிடுமே!"

"பாலும் தயிரும் உண்டு. அதுக்கு மேல மாத்திரை போட்டுக்கிறேன். கறி சாப்பிடுறதும் விடுறதும் அவங்கவங்க இஷ்டம். விட்டா விட்டேன்னு டாக்டர்கிட்ட சொல்லிடணும், அவ்வளவுதான்" என்று அவள் சிரித்தாள்.

ஊசி போடப் போட, கடையக்காவுக்கு முதலில் அந்தச் சுள்ளென்ற கோபம் போயிற்று. பிறகு பெயர்கள் திரும்பி வந்தன. தபால்காரர் வாயைத் திறப்பதற்குள் அவருடைய கொழுப்பில்லாத பொட்டலம் தயாராக இருந்தது. அவர் அதை வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போனார். நூல் சுற்ற விரல் வந்தது. சுவரைப் பிடிக்காமல் தெருக் கோடி வரைக்கும் நடந்தாள். கால் பெருவிரலில் மட்டும் கொஞ்சம் மரமரப்பு தங்கிவிட்டது. அது இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள். ஆனால் மூளைக்காரருக்குக் கணக்கு வேறு. கண்ணை மூடினால் சாயாமல் நிற்க வேண்டும். அதைப் பார்க்கிற வரைக்கும் அவருக்கு எதுவும் முடியவில்லை. இத்தனைக்கும் நடுவில் தொட்டியடி வேலையை அவர் ஒரு நாளும் விடவில்லை. காலையில் கையை விரித்துக்கொண்டு நிற்பார். சாய்வு குறைந்துகொண்டே வந்தது.

ஒருநாள் காலை. சின்ன ஜன்னல் வழியாக வெயில் தொட்டித் தண்ணீரில் விழுந்துகொண்டிருந்தது. கடையக்கா முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினாள். காலைச் சேர்த்து வைத்திருந்தாள். தொட்டியைப் பிடிக்கவில்லை. நெற்றி, கன்னம், கழுத்து என்று நிதானமாகத் தேய்த்தாள். பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றவர் பார்த்தார். வலப் பக்கம் இல்லை, இடப் பக்கம் இல்லை. நட்டு வைத்த கம்பம் மாதிரி நின்றாள்.

"கடைக்கு நேரமாச்சு" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே. "கையைக் கீழ இறக்குங்க, வலிக்கப் போகுது."

மூளைக்காரர் திடுக்கிட்டார். "உனக்குத் தெரியுமா?"

"முதல் நாள்லேர்ந்து தெரியும்."

"தெரிஞ்சுமா கண்ணை மூடின? விழுந்திருந்தா? சோப்பைத் தள்ளி வச்சுட்டு வெறும் தண்ணியில கழுவியிருக்கலாமே?"

"நீங்க பின்னால நிக்கிறீங்கன்னுதானே மூடினேன்" என்று சொல்லிவிட்டு, அவள் கையை நீட்டித் துண்டைக் கேட்டாள்.

துண்டு அவர் தோளில்தான் இருந்தது. எடுத்துக் கொடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கொடுக்கும்போது ஏதாவது நல்ல வார்த்தையாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். வாய் வரைக்கும் வந்தது.

"இந்தா" என்றார்.